பேரூராட்சியின் பழைய குடிநீர்க் குழாய்களை ஆய்வு செய்யும் முறை

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதித்த குழாய்களைக் கொண்டே குடிநீர் வழங்கிவரும் பேரூராட்சிகளில், தண்ணீர் போதவில்லை என்றதும் புதிய ஆழ்துளைக் கிணறு கேட்பதே வழக்கமாக இருக்கிறது. ஏற்றும் நீரில் எவ்வளவு வழியிலேயே மண்ணுக்குள் போகிறது என்பதை அறியாமல் மேலும் நீரை ஏற்றினால், கசிவும் மின்கட்டணமும்தான் கூடும். எனவே ஆய்வைக் குழாயிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில், தெருத்தெருவாக வால்வு திறந்துவிடும் பணியாளருடன் ஊரை ஒருமுறை நடந்து பாருங்கள். பல ஊர்களில் குழாய் வரைபடம் என்று தனியே எதுவும் இல்லை. அது அவருடைய நினைவில்தான் இருக்கிறது. எந்தத் தெருவில் வார்ப்பிரும்பு, எங்கே ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட், எங்கே பி.வி.சி., எந்த இடத்தில் அடிக்கடி உடைப்பு, எந்த வால்வு முழுதாக மூடாது, எந்தக் குழாய் சாக்கடையைக் கடந்து செல்கிறது என்பதையெல்லாம் அவர் ஓய்வுபெறும் முன் தாளில் குறித்துவிட வேண்டும்.

அடுத்தது இரவுச் சோதனை. செயல் அலுவலரின் அனுமதியோடும் பணியாளரின் கையாலும் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். விநியோகம் முடிந்தபின், மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றுவதை நிறுத்திவிட்டு, வெளியேறும் வால்வையும் மூடி, நீர்மட்டத்தை அளந்து இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தால், தொட்டியிலேயே கசிவு உண்டா என்பது தெரியும். பிறகு தெரு வால்வுகளை மூடியே வைத்து, தொட்டியின் வால்வை மட்டும் திறக்க வேண்டும். காலியாக இருக்கும் மெயின் குழாய் நிரம்புவதற்கு அரை மணி நேரம் விட்டு, அதன் பிறகே அளவைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் குழாயை நிரப்பிய நீரையும் கசிவாகக் கணக்கிட்டுவிடுவோம். உட்புற விட்டம் 8 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் மட்டம் 10 செ.மீ. இறங்கினால், ஏறத்தாழ 5,000 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்று மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு வகுத்திருந்தது. அந்தக் கணக்கில் இது எழுபது பேருக்கான ஒரு நாள் தண்ணீர். இறக்கம் தெரிந்தால், ஒவ்வொரு தெரு வால்வின் தண்டிலும் ஓர் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதருகே வைத்துக் கேளுங்கள். மூடிய வால்வில் சர்ரென்ற ஓசை வந்தால், அது நீரை உள்ளே விடுகிறது. எந்த வால்விலும் ஓசை இல்லையென்றால், கசிவு பெரும்பாலும் மெயின் குழாயில்தான் இருக்கும்.

நீரின் தரத்தைக் கடைக்கோடித் தெருவில்தான் பார்க்க வேண்டும். தொட்டிக்கு அடியில் எடுக்கும் மாதிரி எப்போதும் நல்ல பெயரே வாங்கித் தரும். விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சுற்றியுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது இதை இன்னும் மோசமாக்குகிறது. ஆகவே தண்ணீர் வந்தவுடன் ஒரு மாதிரியும் பத்து நிமிடம் கழித்து இன்னொன்றும் எடுத்து, குளோரோஸ்கோப்பில் (நீரின் நிறமாற்றத்தைக் கொண்டு குளோரினை அளக்கும் சிறு கருவி) எஞ்சிய குளோரினைப் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். முதல் மாதிரி மோசமாகவும் இரண்டாவது சரியாகவும் இருந்தால், கோளாறு தொட்டியில் இல்லை, அந்தத் தெருக் குழாயில் என்றே சந்தேகிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலிலேயே நீரைப் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். 100 மில்லி நீரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மேல்நிலைத் தொட்டியைத் தரையில் நின்று பார்த்தாலே போதும், ஏற வேண்டாம். தூண்களில் துருக்கறை, பெயர்ந்த காரை, வெளியே தெரியும் கம்பி ஆகியவற்றைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் ஓடிய நேரப் பதிவேடு, மின்கட்டண ரசீது, உடைப்புச் சீரமைப்புச் செலவு ஆகியவற்றைக் கேட்டும் தராவிட்டால், 10 ரூபாய் கட்டணத்துடன் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அச்சட்டத்தின் 2(ஜே) பிரிவு, பணிகளை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும்கூட உரிமை தருகிறது. இவையனைத்தையும் வரைபடத்தோடு இணைத்து, எந்தத் தெருவின் எத்தனை மீட்டர் குழாயை முதலில் மாற்ற வேண்டும் என்பதைக் குறிப்பிட்டு, வரவுசெலவுத் திட்டம் முடிவாகும் முன்பே பேரூராட்சி மன்றத்திடம் எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.