ஈயின் இறக்கை பூரி மாதிரி உப்பியிருந்தால்: வீட்டிலேயே பார்ப்பது எப்படி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சேலத்து மாந்தோப்புக்காரர்கள் திட்டுகிற பழ ஈ வேறு, அது காயைத் துளைத்து முட்டை வைக்கும். இறக்கை உப்புகிறதா என்று பார்க்க நமக்கு வேண்டியது அழுகின மல்கோவா மேல் மொய்க்கிற, ஏறக்குறைய எள் அளவே உள்ள, சிவப்புக் கண் ட்ரோசோபிலா.

கனிந்த வாழைப்பழத்தை மசித்து, ஒரு சிட்டிகை பேக்கரி ஈஸ்ட் தூவி, பழைய ஜாம் பாட்டிலில் போட்டுத் திறந்து வையுங்கள். ஈ தானாக வரும், வந்ததும் வாயைப் பஞ்சால் அடையுங்கள். நாலு நாள் கழித்து வளர்ந்த ஈக்களை வெளியே விட்டுவிடுங்கள், அப்போதுதான் புதிதாக வருவது எது என்று தெரியும். 25 டிகிரியில் முட்டை ஈயாக 10 நாள். நான் சித்திரை வெயிலில் மொட்டைமாடி ஷெட்டில் வைத்து ஒரு புழுகூட வராமல் ஏமாந்தேன், 30 டிகிரியை ஒட்டினாலே ஆண் ஈக்கள் மலடாகிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஏற்காட்டு அத்தை வீட்டில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் 18 டிகிரிக்கு இறங்கினால் நாள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

புழு கூடான பிறகு, கூட்டுக்குள் இறக்கை கறுப்பாகத் தெரிந்தால் மறுநாள் விடியற்காலை எழுந்து லென்ஸோடு உட்காருங்கள். வெளுத்த ஈ ஒன்று கசக்கிய காகிதம் மாதிரி இறக்கையோடு வெளியே வரும், கொஞ்ச நேரத்தில் அது விரிந்து தட்டையாகும். அந்தத் தட்டையில்தான் விஷயமே இருக்கிறது. இறக்கை என்பது இரண்டு செல் அடுக்கு. அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது இன்டெக்ரின் என்ற புரதங்கள். அவற்றைச் செய்கிற ஜீன்கள்: மேல் அடுக்குக்கு 'மல்டிபிள் எடிமேட்டஸ் விங்ஸ்' ஜீன், கீழ் அடுக்குக்கு 'இன்ஃப்ளேட்டட்', இரண்டுக்கும் பொதுவாக 'மயோஸ்பீராய்டு'. பிடி விட்ட இடத்தில் நடுவே திரவம் புகுந்து பூரி மாதிரி உப்பும். மயோஸ்பீராய்டு முழுசாகப் போனால் இறக்கை வரைக்கும் போகாது, கருவிலேயே தசைகள் பிடி கழன்று உருண்டையாகிச் செத்துவிடும். பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

பாட்டிலை ஃப்ரீசரில் மூன்று நிமிடம் வைத்தால் ஈக்கள் மயங்கும், வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். சுருங்கின இறக்கையைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டதாக இருக்கும். தெருவில் பிடித்த ஈயில் உப்பல் கிடைப்பது அபூர்வம், கல்லூரி லேபில் இன்ஃப்ளேட்டட் வகை ஈ இருந்தால் கேட்டு வாங்குவது நல்லது.

உப்பின ஆண் ஒன்று கிடைத்துவிட்டால் அதை நல்ல பெண் ஈக்களோடு தனி பாட்டிலில் விடுங்கள். மூன்று ஜீனும், அப்பா மகளுக்கு மட்டுமே கொடுக்கிற எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் மகனுக்கு வராது, மகள் வெளியே காட்டாமல் சுமப்பாள். அடுத்த தலைமுறையில், மகள் வயிற்றுப் பேரன்களில் பாதிப் பேருக்கு இறக்கை உப்பியிருந்தால் அது ஜீன் வேலை. ஒருத்தனுக்கும் இல்லையென்றால் உங்கள் ஈ எங்கேயோ அடிபட்டிருக்கலாம்.