விண்டோஸில் ஓடும் டெஸ்ட் லினக்ஸில் காணாமல் போனால்

கொழிஞ்சாம்பாறையில் நானும் வேலந்தாவளத்தில் நண்பரும் சேர்ந்து, சென்ட்டை ஏக்கராக்கும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறோம். டெஸ்ட்களை ஓட்டும் என்பிஎம் டெஸ்ட் கட்டளையைக் கொடுத்தால் அவருடைய விண்டோஸில் எல்லா டெஸ்டும் ஓடும். என் உபுண்டு லினக்ஸில் பாதிதான் ஓடும், ஆனாலும் பச்சை டிக் விழும். சிவப்பாக இருந்தாலாவது தேடியிருப்போம்!

பேக்கேஜின் அமைப்பு ஃபைலான பேக்கேஜ்.ஜேசனில், டெஸ்ட்களை ஓட்டும் கருவியான மோக்காவுக்குக் கொடுத்த பாதை டெஸ்ட்/**/*.ஜேஎஸ் என்று மேற்கோள்குறி இல்லாமல் இருந்தது. லினக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல், முந்திக்கொண்டு அதை ஃபைல் பெயர்களாக விரிக்கிறது. இரட்டை நட்சத்திரத்தை ஒற்றையாக எடுத்துக்கொண்டு, சரியாக ஓர் அடுக்கு உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் மோக்காவிடம் தருகிறது. விண்டோஸில் ஷெல்லின் வேலையைச் செய்யும் சிஎம்டி விரிக்காது, மோக்காவே எல்லா அடுக்குகளுக்கும் விரித்துக்கொள்ளும்.

ஒற்றை மேற்கோள் சிஎம்டிக்கு ஆகாது. அதனால், ஷெல் விரிக்காமல் அப்படியே மோக்காவிடம் விடும்படி \"டெஸ்ட்/**/*.ஜேஎஸ்\" என்று பின்சாய்வோடு இரட்டை மேற்கோள் போட்டேன். இப்போது இரண்டு மெஷினிலும் ஒரே எண்ணிக்கை.