பழைய ஜான்சன், எவின்ரூட் படகு என்ஜினுக்கு உதிரிபாகம் தேடும் முறை

முதலில், படகின் பின்பலகையைப் பற்றியிருக்கும் பிடிப்புச் சட்டத்தில் உள்ள தகட்டிலிருந்து மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும். தகடு உப்பில் அரித்துப் போயிருந்தால், என்ஜின் பிளாக்கில் பதித்திருக்கும் நாணயம் போன்ற வட்ட அடைப்பில் பெரும்பாலும் மாடல் எண்ணைக் காணலாம். பிளாக்கை யாரேனும் மாற்றியிருந்தால் தகட்டின் எண்ணும் பிளாக்கின் எண்ணும் பொருந்தா.

1980 முதல் இவ்விரு பிராண்டுகளும் ஆண்டை ‘இன்ட்ரொட்யூசஸ்’ (INTRODUCES) என்னும் ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளால் குறித்தன: முதல் எழுத்து 1, ஒன்பதாவது 9, கடைசி 0. ஆகவே மாடல் எண்ணின் இறுதியை ஒட்டி ‘சிஓ’ (CO) என்றிருந்தால், சி எட்டாவது எழுத்து, ஓ ஐந்தாவது எழுத்து என்பதால் அது 1985ஆம் ஆண்டு மாடல்.

குதிரைத்திறனை மட்டும் சொல்லி வாங்குவது வீண்செலவு. ஒரே திறனிலும், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் தண்ணீர் பம்பில் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரும் ஆண்டுக்கேற்ப மாறியிருக்கக்கூடும். மாடலுக்குரிய பாகப் படத்தில் பாக எண்ணைக் கண்டபின், அதற்கு மாற்றாக வந்த புதிய எண்ணையும் கடையில் விசாரிக்க வேண்டும்.