பழைய காரும் வீட்டுப் பட்டறையும்: சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் தவறுகள்

மாருதி 800, அம்பாசடர் இரண்டும் 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன வண்டிகள். பிரீமியர் பத்மினி அதற்கும் பல ஆண்டுகள் முன்பே விடைபெற்றுவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு தெருவில், ஏதாவது ஒரு வீட்டின் போர்ட்டிகோவில், இவற்றில் ஒன்று இன்றும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்துவருவதால், வண்டியை விற்க மனமில்லாத உரிமையாளர்கள் தாங்களே ஸ்பேனரைக் கையில் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் வீட்டுப் பட்டறைகளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அறியாமையால் வருபவையல்ல. செலவழிக்க வேண்டிய இடத்தில் கையை இறுக்குவதும், தேவையில்லாத இடத்தில் தாராளம் காட்டுவதுமே அவற்றின் மூலம்.

இந்தத் தலைகீழ்க் கணக்கு கருவிகள் வாங்கும்போதே தொடங்கிவிடுகிறது. பெட்டி நிறைய பளபளக்கும் சாக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று ஒரு பெரிய செட்டை வாங்குகிறவர், தம் வண்டியின் போல்ட்டுகள் எந்த அளவில் உள்ளன என்று பார்ப்பதில்லை. அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழிவந்தது. அதன் போல்ட்டுகள் அங்குல அளவைக் கொண்டவை. பத்மினியும் மாருதியும் மில்லிமீட்டர் கணக்கு. அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மி.மீ.; அதில் 13 மி.மீ. ஸ்பேனர் நன்றாகவே உட்காருவது போலத் தோன்றும். லேசான நட்டு கழன்றும் விடும். ஆனால் முப்பது ஆண்டுத் துரு ஏறிய சைலன்சர் நட்டில் அதே ஸ்பேனரை மாட்டி அழுத்தினால், அந்த இடைவெளியே போதும், நட்டின் ஆறு முனைகளும் வழித்துப் போய்விடும். பிறகு உளியும் சுத்தியலும்தான். ஐசுஸு என்ஜின் பொருத்தி வந்த பிற்கால அம்பாசடர்களில் இரண்டு அளவுகளும் கலந்திருப்பதால், ஒவ்வொரு இடத்திலும் அளந்து பார்ப்பதே நல்லது. நூறு உருப்படிகள் கொண்ட மலிவான செட்டைவிட, வண்டிக்குத் தேவையான பத்துப் பன்னிரண்டு அளவுகளில் நல்ல ரிங் ஸ்பேனர்களும், பன்னிரண்டு முனை அல்லாமல் ஆறு முனை கொண்ட சாக்கெட்டுகளும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்சும் வாங்குவதே உண்மையான சிக்கனம். டார்க் ரெஞ்ச் ஆடம்பரமல்ல. மாருதி 800இன் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. ஸ்பார்க் பிளக்கைக் கைப்பலம் காட்டி முறுக்கி மரையைக் கெடுத்துவிட்டால், மிச்சம் பிடித்த பணம் லேத் பட்டறைக்குப் போய்விடும்.

வண்டியைத் தூக்கி நிறுத்துவதில் காட்டும் சிக்கனத்தை மட்டும் எந்த நிலையிலும் மன்னிக்க முடியாது. ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே இருக்கும் ஒரு சிறிய ரப்பர் சீல் தேய்ந்தால், ஏறக்குறைய 650 கிலோ எடையுள்ள மாருதிகூட எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இறங்கிவிடும். இதை அறிந்தவர்கள்கூட, தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு வாங்குவதற்குப் பதிலாக ஹாலோ பிளாக்கையோ செங்கல்லையோ அடுக்கிவைத்து அடியில் நுழைகிறார்கள். சுவரில் பரவலாக வரும் சுமையைத் தாங்கும் அந்தக் கல், சேசிஸின் குறுகிய இரும்பு விளிம்பு ஒரே புள்ளியில் அழுத்தும்போது விரிசலைக்கூடக் காட்டாமல் நொறுங்கும். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: மழைநீர் வடிவதற்காகப் போர்ட்டிகோவின் தரை தெருப்பக்கம் சரிந்திருக்கும். அம்பாசடரில் கை பிரேக்கும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது, கியரும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. ஆகவே பின் பக்கம் முழுவதையும் தூக்கிய நொடியில் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் போகிறது. முன் சக்கரங்களின் இருபுறமும் மரக்கட்டை வைத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். ஸ்டாண்டின் மேல் வண்டியை இறக்கிய பின், அதைப் பக்கவாட்டில் இரண்டு முறை நன்றாக அசைத்துப் பார்த்துவிட்டு, கழற்றிய சக்கரத்தையும் கதவுக்குக் கீழுள்ள படியின் அடியில் கிடத்திவிட்டால், எல்லாம் கைவிட்டாலும் உடம்பு நுழைய இடம் மிஞ்சும்.

பிரேக்கைப் பொறுத்தவரை, பெடல் சரியாக இருக்கும்வரை பிரேக் ஆயிலைத் தொட வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். மலைப்பாதையில் இறங்கும்போது பெடல் திடீரென்று மெத்தென்று அமுங்குவதற்கும், கடலோர ஊர்களில் நிறுத்தியே வைத்த வண்டிகளின் வீல் சிலிண்டர் உட்புறம் துருப்பிடிப்பதற்கும் இந்த ஈரமே காரணம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றிவிடுவது பெரிய செலவல்ல. மாற்றாமல் விடுவதைவிட மோசமானது, அவசரத்துக்கு என்ஜின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றி நிரப்புவது. கனிம எண்ணெய் பட்டவுடன் பிரேக் சீல்கள் ஊதிப்போய், பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ் வரை ரப்பர் உள்ள பாகங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டிவரும்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, அதாவது காற்று எடுக்கும்போது, நடக்கும் ஒரு தவறு பெரும்பாலானோர் கவனத்துக்கு வருவதே இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலைத் தரையைத் தொடும்வரை அழுத்த, மற்றவர் கீழே சக்கரத்தருகே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடுவது வழக்கம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் சீல் தினமும் ஓடும் தூரம் மட்டுமே வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால் பல ஆண்டு அழுக்கும் துருவும் படிந்திருக்கும். பெடலைத் தரைவரை மிதிக்கும்போது சீல் அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறிக் கிழிகிறது. நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக், காற்று எடுத்த மறுநாள் இறங்கத் தொடங்குவதன் மர்மம் இதுதான். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துவிட்டால் போதும். டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூளைக் கம்பிரஸர் காற்றால் ஊதுவதையும் நிறுத்த வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும் வாய்ப்பு அதிகம். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிவதே சரி.

நம் ஊர் மெக்கானிக்குகள் வழிவழியாகக் கற்றுத்தந்த பழக்கங்களில் மிகவும் தீமையானது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. வெயில் ஊருக்கு அது எதற்கு என்பது வாதம். ஏறத்தாழ 82 டிகிரியில் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் அந்தச் சிறிய வால்வு இல்லாவிட்டால், தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றி, பக்கத்துக் கடைக்குப் போய்வரும் ஓட்டத்தில் என்ஜின் தனக்குரிய சூட்டை எட்டுவதே இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. ஆவியாகாத ஈரம் ஆயிலோடு கலந்து, ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற வெண்ணிறப் படிவாகத் தெரிகிறது. நெரிசலில் வண்டி உண்மையிலேயே சூடாகிறது என்றால், காரணம் வேறு: போர்வெல் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புப் படிந்து அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், அழுத்தத்தைத் தாங்காத ரேடியேட்டர் மூடி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது இந்த நோய்களைக் கொஞ்ச காலம் மறைத்துவைக்கிறது, அவ்வளவே. கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவு, ஹெட் கேஸ்கெட் மாற்றும் செலவில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

இன்றைய பெட்ரோல் பழைய வண்டிகளின் பெட்ரோல் அல்ல என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். நாடு முழுவதும் இப்போது விற்பனையாவது 20 விழுக்காடுவரை எத்தனால் கலந்த பெட்ரோல். கார்புரேட்டர் காலத்து ரப்பர்களோ உலோகங்களோ அதை எண்ணி வடிவமைக்கப்பட்டவையல்ல. ஹோஸ் ஊதி மென்மையாகும் அல்லது வெடித்துக் கசியும். எத்தனால் இழுத்துக்கொள்ளும் ஈரம் டேங்கின் அடியில் துருவாகும். கார்புரேட்டரை மாற்றலாமா என்று யோசிப்பதற்கு முன், டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை உள்ள ஒவ்வொரு ஹோஸையும் விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். வளைவில் மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும், அதுவும் எத்தனாலைத் தாங்கும் என்று குறிப்பிட்டு விற்கப்படும் பெட்ரோல் ஹோஸாகவே. தோட்டத்துக் குழாயும் மீன்தொட்டிக் குழாயும் பெட்ரோலுக்கு ஆகாது. எழுதத் தேவையில்லாத வரி என்று தோன்றலாம். என்ஜின் அறைகளைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பழுதைக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மாற்றுவது தாராளத்தின் பெயரில் நடக்கும் தவறு. வண்டி திணறினால் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது கார்புரேட்டரை. ஆனால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சேர்ந்து பிரியும் பாயிண்ட்டைப் பார்த்தால், பல நேரங்களில் ஒரு முகத்தில் சிறு மேடும், எதிர் முகத்தில் அதற்கு நேராகச் சிறு குழியும் உருவாகியிருக்கும். பழைய பெட்ரோல் அம்பாசடரில் இந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகும்போது அது மேட்டின் உச்சியில் இடிக்கிறது, நீங்கள் 0.38 என்று வைத்தாலும், முகத்துக்கு முகம் உள்ள உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். ஆகவே முதலில் மேட்டைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும், அல்லது பாயிண்ட்டையே மாற்ற வேண்டும். பிறகே அளக்க வேண்டும். புதிய பாயிண்ட்டும் சில நாட்களிலேயே இப்படி ஆனால் கண்டன்சரைச் சந்தேகிக்கலாம். இவ்வளவையும் சேர்த்து ஆகும் செலவு, அவசரப்பட்டு வாங்கிய கார்புரேட்டரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆயில் மாற்றும்போது மண்ணெண்ணெயையோ டீசலையோ ஊற்றி என்ஜினை ஓடவிட்டுக் கழுவும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். பல்லாண்டு மண்டி ஒரேயடியாகப் பெயர்ந்து, ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துக்கொள்ளும். குறுகிய இடைவெளியில் இரண்டு முறை சாதாரண ஆயிலையே மாற்றினால், மெதுவாகவும் ஆபத்தில்லாமலும் அதே வேலை நடக்கும்.

பட்டறை அமைப்பதில், தரையைத் தோண்டிக் குழி கட்டும் ஆசை பலருக்கு உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது குழியில் இறங்கித் தங்கும், ஒரு பல்பு உடைந்தால் போதும். வீட்டில் குழி வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஷட்டரை இறக்கிவிட்டு என்ஜினை ஓடவிடுவதும் இதே வரிசையில் வருவது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. கம்பிரஸரையும் கிரைண்டரையும் 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாமல், எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக்கையும், மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யையும் போட்டுக்கொள்ள வேண்டும். கார் அடியில் பிடிக்கும் விளக்கு 12 வோல்ட் எல்.இ.டி.யாக இருக்கட்டும். கம்பிரஸர் டேங்கில் சேரும் தண்ணீரை வேலை முடிந்ததும் திறந்துவிடாவிட்டால் அது உள்ளிருந்து அரிக்கும். லுங்கியும் ரப்பர் செருப்புமாக கிரைண்டர் முன் நிற்பதைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

ஓட்டாத வண்டியைத் தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் நல்லது என்பதும் தவறான எண்ணம். சூடேறும் முன்பே அணைக்கப்படும் என்ஜினில், சைலன்சருக்குள் சேர்ந்த நீராவி தண்ணீராகி அங்கேயே தங்கித் துருப்பிடிக்க வைக்கிறது. டைனமோ உள்ள பழைய அம்பாசடரில் ஐடிலிங்கில் பேட்டரிக்குச் சார்ஜும் ஏறாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவருவதே பலன் தரும். மழைக்காலத்தில் தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே வேகும். காற்றுப் போகும் துணி உறை போதும். கதவின் அடிப்பகுதியிலுள்ள வடிகால் துளைகளையும் பார்க்க வேண்டும். டிங்கரிங் வேலையின்போது அவை பட்டி பூசி அடைக்கப்பட்டிருந்தால், கதவு உள்ளிருந்தே அழுகும்.

பழைய வாகனப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் கதவுக் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி, பம்பர் போன்றவற்றைப் பழையதாகவே வாங்கலாம். சில பாகங்கள் வேறெங்கும் கிடைப்பதும் இல்லை. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், டயர் ஆகியவற்றைப் பழையதாக வாங்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2315 என்றிருந்தால் அது 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வேண்டாம்.

வடித்த ஆயிலைத் தெருச் சாக்கடையில் ஊற்றுவதும், கறையான் வராது என்று மரத்துக்கும் மண்ணுக்கும் பூசுவதும் இன்னும் தொடர்கின்றன. பயன்படுத்திய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. அதே ஆயில் வந்த டப்பாவிலேயே, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் நிரப்பி மூடி வைத்திருந்து, கழிவு ஆயிலை முறைப்படி மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக் கொடுத்துவிடலாம்.