தாத்தாவின் ஆம்ப்ளிஃபயரை இன்றைய ஸ்டீரியோவோடு சேர்ப்பது எப்படி

மலேசியாவில் பேராக்கின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இன்னும் பல வீடுகளில் ஒரு சான்சுயோ பயோனியரோ கென்வுட்டோ அகாயோ ஆம்ப் ஒன்று துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும். தாத்தா காலமான பிறகு அது பேரன் கைக்கு வரும். வந்த அன்றே பிளக்கைச் சொருகிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். சொருகாதீர்கள். பத்து இருபது வருடம் சும்மா கிடந்த ஆம்ப் பெரும்பாலும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் சாகிறது. சில நேரம் ஸ்பீக்கரையும் கூடவே கொண்டுபோய்விடுகிறது.

இங்கே சொல்வதெல்லாம் டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு. மேலே கண்ணாடி வால்வு தெரிந்தால் மூடியைத் திறக்கவே வேண்டாம். அதற்குள் 300 முதல் 450 வோல்ட் வரை டிசி இருக்கும். வால்வு வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கரண்ட் கொடுக்கும் முன்

முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். நம் வீட்டுக் கரண்ட் ஏட்டில் 230 வோல்ட், சொக்கெட்டில் அளந்தால் பல இடங்களில் 240 பக்கம் காட்டும். தகட்டில் 100 வோல்ட் மட்டும் இருந்தால் அது ஜப்பான் உள்ளூர்ச் சந்தைப் பெட்டி. 120 இருந்தால் அமெரிக்காவுக்குச் செய்தது. இரண்டுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பெட்டி 300 வாட் இழுக்கும் என்று போட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் குறைந்தது 500 விஏ இருக்கட்டும். வோல்டேஜ் செலக்டர் உள்ள பெட்டி என்றால் அதை 240-இல் வையுங்கள். எஸ்டேட் ஜெனரேட்டர் கரண்டில் ஓடிய பெட்டிகளில், கரண்ட் குறைவாக வருகிறதே என்று செலக்டரை 220-க்குத் தள்ளி வைத்திருக்கக்கூடும். அதை அப்படியே இன்றைய 240-இல் போட்டால் உள்ளே எல்லா வோல்டேஜும் ஏறக்குறைய ஒன்பது சதவிகிதம் கூடும். டிரான்ஸ்ஃபார்மர் சுடும், சார்ஜைச் சேர்த்து வைக்கும் பழைய கெபாசிட்டர் தாங்காது.

அடுத்து வயர். ரப்பர் உறை வெடித்திருந்தால் ஒட்டு டேப் சுற்றாமல் முழு வயரையும் மாற்றுங்கள். மூன்று முள் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள், இந்த அளவு ஆம்ப்புக்கு அது தாராளம். தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட இரட்டைக் காப்புக் குறி இல்லை, வயரிலும் இரண்டு கம்பிதான் என்றால், மூன்று கம்பி வயர் போட்டு இரும்புச் சட்டத்தை எர்த்தில் சேர்க்கும்படி லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் சொல்லுங்கள். பின்பக்கத்தில் தட்டை முள் சொருகும் துவாரங்கள் இருந்தால் அவை வேறு சாதனத்துக்குக் கரண்ட் கொடுக்க வைத்தவை. அவற்றில் எதையும் சொருக வேண்டாம்.

பிளக்கைக் கழற்றி ஒரு நாள் விட்டு மூடியைத் திறங்கள். பெரிய கெபாசிட்டர் இரண்டும் இன்னும் சார்ஜ் வைத்திருக்கலாம். மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்து, 2 வோல்டுக்கு மேல் காட்டினால் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரு முனைக்கும் நடுவே ஒரு நிமிடம் பிடியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் பொறி பறக்கும், கெபாசிட்டர் முனையும் கருகும்.

உள்ளே என்ன பார்ப்பது? பல்லி முதலில். சுவிட்ச் பக்கத்தில், டிரான்ஸ்ஃபார்மர் முனைகளுக்கு நடுவில் காய்ந்துபோன பல்லி கிடந்தால் அதுவே ஷார்ட். பல்லி எச்சம் சர்க்கியூட் போர்டின் செம்பை அரித்து பச்சையாக்கிவிடும். 99 சதவிகித ஐசோபுரோபைல் ஆல்கஹாலை பழைய பல் பிரஷில் தொட்டுத் துடையுங்கள். ஸ்பீக்கரைத் தானாக இணைக்கும் சுவிட்சான ரிலேக்குள்ளும் மற்ற சுவிட்சுக்குள்ளும் எறும்பு மண் கட்டும். சாமி மேடைக்குக் கீழே இருந்த பெட்டி என்றால் விளக்குக் கரியும் ஊதுவத்திப் புகையும் தூசியோடு சேர்ந்து பிசினாக ஒட்டியிருக்கும். அது காற்றடித்தால் போகாது, ஆல்கஹால்தான் கரைக்கும்.

பலர் தவறவிடுகிற ஒன்று, கெபாசிட்டர்களின் அடியில் ஒட்டிய பசை. எழுபது, எண்பதுகளின் ஜப்பான் பெட்டிகளில் பெரிய பாகங்கள் ஆடாமலிருக்க வெளிர் மஞ்சள் பசை வைத்தார்கள். சூட்டில் அது காப்பி நிறமாக மாறும்போது கரண்டைக் கடத்தத் தொடங்குகிறது, பக்கத்துக் கம்பிகளையும் அரிக்கிறது. மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். பவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரிக் கட்டியாக ஒரு கெபாசிட்டர் இருந்து, அதில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். வெடிப்பு வழியே ஈரம் உள்ளே போய், கரண்ட் வந்ததும் நாற்றப் புகையோடு வெடிக்கும். லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இருந்தால் எக்ஸ்2, லைவிலிருந்து சட்டத்துக்குப் போனால் ஒய்2 என்று அச்சிட்ட கெபாசிட்டர்தான் போட வேண்டும். ஈப்போவில் பாகம் கிடைக்காவிட்டால் கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் தேடுங்கள்.

பல்பு வைத்து எழுப்புவது

ஆம்ப்புக்குப் போகும் லைவ் கம்பியில் ஒரு பல்பு ஹோல்டரை வரிசையாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை வயர்மேனிடம் செய்து வாங்குங்கள். அதில் 60 வாட் இழை பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே சூடாகும் இழைதான் கரண்டைக் கட்டுப்படுத்துகிறது. ஹார்ட்வேர் கடையில் இழை பல்பு இல்லையென்றால் கோழித் தீவனக் கடையில் கேளுங்கள், குஞ்சுகளுக்குச் சூடு காட்ட விற்பார்கள்.

ஸ்பீக்கர் ஏதும் சேர்க்காமல், வால்யூம் சுழியத்தில் இருக்க, ஆம்ப்பைப் போடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி, இழை மட்டும் சிவந்து நின்றால் நல்ல சகுனம். கெபாசிட்டர்கள் நிரம்பிவிட்டன, எங்கும் பெரிய ஷார்ட் இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். அவுட்புட் டிரான்சிஸ்டரோ டையோடு பாலமோ போயிருக்கும், ரிப்பேருக்குப் போக வேண்டியதுதான். நல்லபடி மங்கினால் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். நீண்ட நாள் சும்மா இருந்த கெபாசிட்டர்களின் உள்படலம் இந்தக் குறைந்த வோல்டேஜில் மெல்லத் திரும்புகிறது. இந்த நேரத்தில் ரிலே ‘டிக்’ என்று விழாவிட்டால் பயம் வேண்டாம், வோல்டேஜ் போதாது, அவ்வளவுதான்.

பிறகு பல்பை விலக்கி நேரடிக் கரண்ட் கொடுங்கள். பாதுகாப்பு ரிலே உள்ள பெட்டி மூன்று முதல் எட்டு நொடிக்குள் ‘டிக்’ சொல்ல வேண்டும். பத்து நிமிடம் சூடானதும் ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளந்து பாருங்கள். 30 மில்லிவோல்டுக்குள் இருந்தால் அருமை, 50 வரை பரவாயில்லை, 100-ஐத் தாண்டினால் ஸ்பீக்கரைச் சேர்க்காதீர்கள். இந்த அளவைத் தட்டிக்கழிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால் 40 வோல்ட் டிசி முழுதும் ஸ்பீக்கருக்குப் போகும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 200 வாட், அதுவும் இசையாக இல்லாமல் வெறும் சூடாக. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) சில நொடியில் கருகும். அளவு சரியாக இருந்தாலும் முதல் நாள் பழைய மலிவு ஸ்பீக்கரில்தான் கேளுங்கள்.

சத்தம் வரவில்லையா

‘செத்த’ ஆம்ப் என்று ஒதுக்கப்பட்ட பலவற்றில் ‘டேப் மானிட்டர்’ பட்டன் அமுங்கியிருப்பதுதான் நோய். அமுங்கினால் பெட்டி டேப் டெக்கிலிருந்து மட்டும் கேட்கும். அதை வெளியே விடுங்கள். ஸ்பீக்கர் செலக்டர் ‘ஏ’-யில் இருக்கிறதா, பின்னால் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ துளைகளை இணைக்கும் சிறு உலோகப் பாலம் இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அந்தப் பாலம் களிம்பு பிடித்தால் ஒரு பக்கம் விட்டுவிட்டுப் போகும். கழற்றித் துடைத்துப் போட்டால் சரி.

வால்யூமைத் திருகும்போது ‘கரகர’ என்றால் கான்டாக்ட் கிளீனர் வேண்டும். டபிள்யூடி-40 அல்ல, அது எண்ணெயை விட்டு தூசியைப் பிடித்து வைக்கும். குமிழுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் உடலில் இருக்கும் சின்ன இடுக்கில் கொஞ்சம் அடித்து, முழு ஓட்டமாக முப்பது தடவை திருகி, காய விடுங்கள். மெதுவாகக் கேட்கும்போது ஒரு பக்கம் மங்கி, வால்யூம் கூட்டினதும் திடீரென்று முழுதாக வந்தால் குற்றம் ரிலேயின் கருத்த முனைகளில். அதே அளவு ரிலே புதிதாகப் போடுவதே நல்லது.

டிவி, ஃபோன், ரெக்கார்ட் பிளேயர்

இன்றைய சாதனம் எதுவும் ‘ஃபோனோ’ துளையில் போகக் கூடாது. அது ரெக்கார்ட் ஊசியின் 2.5 மில்லிவோல்டுக்காகச் செய்தது, தாழ்ந்த ஒலியைத் தூக்கியும் உச்சத்தை அமுக்கியும் கொடுக்கும். டிவியை அதில் போட்டால் பிளந்த குரலும் இரைச்சலும்தான். ரெக்கார்ட் பிளேயருக்குள் ப்ரீஆம்ப் இருந்தால் அதன் சுவிட்சை ‘லைன்’-இல் வைத்து ‘ஆக்ஸ்’-இல் சொருகுங்கள், இல்லையென்றால் ‘ஃபோனோ’. தனியாக வரும் மெல்லிய எர்த் கம்பியை ஜிஎன்டி திருகில் மாட்ட மறக்காதீர்கள்.

டிவி, ஃபோன், ப்ளூடூத் பெட்டி எல்லாம் ‘ஆக்ஸ்’ அல்லது ‘டேப் இன்’. ‘டேப் இன்’-இல் போட்டால் மட்டும் ‘டேப் மானிட்டர்’ பட்டனை அமுக்குங்கள். டிவியில் ஆப்டிக்கல் அவுட் இருந்தால் ஆப்டிக்கலிலிருந்து ஆர்சிஏ-வுக்கு மாற்றும் டாக் (டிஜிட்டலைச் சாதாரண ஒலியாக்கும் சிறு பெட்டி) ஒன்று வாங்கி, டிவி மெனுவில் ஒலியை ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் படத்துக்குச் சத்தமே வராது. பின்னால் ஐந்து முள் டின் துளை மட்டும் இருக்கும் ஐரோப்பியப் பெட்டியில், டேப் துளையின் 3 இடது, 5 வலது, 2 எர்த். 1-உம் 4-உம் ரெக்கார்டிங்குக்கு வெளியே போவது. இதற்கு ஆயத்த அடாப்டர் கிடைக்கிறது.

இங்கே எல்லாருக்கும் வரும் சிக்கல் ஒன்று. பழைய ‘ஆக்ஸ்’ 150 மில்லிவோல்டுக்கே முழுச் சக்தி கொடுக்கும், இன்றைய டாக் 2 வோல்ட் தருகிறது. அதனால் வால்யூம் குமிழ் ஒரு விரல் நகர்ந்ததுமே வீடு அதிரும். அந்த ஆரம்ப இடத்தில் குமிழின் இரு தடங்களும் சமமாக இராது, பாட்டுக்காரர் ஒரு ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்து நிற்பார். ஆர்சிஏ துளையில் மாட்டும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் வாங்குங்கள், அல்லது நீங்களே செய்யுங்கள்: ஒவ்வொரு பக்கத்துக்கும் வரிசையில் 10 கிலோ ஓம், அதன் பின் எர்த்துக்கு 4.7 கிலோ ஓம். குமிழ் பத்து பதினொரு மணி இடத்துக்கு வரும், நடுவில் குரல் நிற்கும்.

8 ஓம் என்று போட்ட பெட்டியில் 4 ஓம் ஸ்பீக்கர் வேண்டாம். இரண்டு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கரை ‘ஏ’, ‘பி’ இரண்டிலும் சேர்த்து ஓட்டினால் பல பெட்டிகளில் அது 4 ஓம் ஆகிவிடும். கூடவே வந்த பழைய ஸ்பீக்கரின் ஓர நுரையை விரலால் தொடுங்கள். நம் ஈரப்பதத்தில் மாவாக உதிரும். உதிர்ந்தால் நுரை மாற்றிய பிறகே கேளுங்கள்.

உருமி மேளத்துக்காக பாஸ் குமிழை முழுக்கத் திருப்புவது நம்மிடையே பழக்கம். 10 டெசிபல் கூட்டினால் அந்தத் தாழ்ந்த ஒலிக்கு 10 மடங்கு சக்தி வேண்டும். 40 வாட் ஆம்ப்பிடம் அது இல்லை, அலையின் தலை வெட்டுப்படும், கடைசியில் உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கருகும். அடித்தள ஒலி வேண்டுமென்றால் சப்வூஃபர் சேர்ப்பதே சரி. ஆனால் ‘டேப் அவுட்’-இலிருந்து எடுத்தால் வால்யூம் குமிழுக்கு அது கட்டுப்படாது. ‘ஹை லெவல்’ இன்புட் உள்ள சப்வூஃபர் வாங்கி ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே கம்பி இழுங்கள்.

வீட்டில் ஏவி ரிசீவர் ஏற்கனவே இருந்தால்

ரிசீவரும் ஹோம் தியேட்டருக்கான ஒரு ஆம்ப்தான். இரண்டு ஆம்ப்பின் கம்பியையும் ஒரே ஸ்பீக்கரில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒன்றின் வெளியீடு மற்றொன்றுக்குள் பாய்ந்து இரண்டின் டிரான்சிஸ்டரும் போகும். ரிசீவரில் ‘ஃப்ரண்ட் ப்ரீ அவுட்’ இருந்தால் அதை ஆம்ப்பின் ‘ஆக்ஸ்’-இல் சொருகி, முன் ஸ்பீக்கர்களை ஆம்ப்புக்கு மாற்றிவிடுங்கள். படம் பார்க்கும்போது ஆம்ப்பின் வால்யூம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பன்னிரண்டு மணி இடத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, லவுட்னஸை அணைத்து, டோன் குமிழ்களை நடுவில் வைத்து, அந்த நிலையில் ரிசீவரின் மைக் அளவீட்டை ஓட்டுங்கள். பாட்டுக்கு ரிசீவரே தேவையில்லை, ஆம்ப் மட்டும் போதும். ப்ரீ அவுட் இல்லாத ரிசீவர் என்றால் கூட்டல், கழித்தல் இரு கம்பியையும் ஒருசேர மாற்றும் செலக்டர் பெட்டி வாங்குங்கள்.

எல்லாம் இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால், ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பாருங்கள். அஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி பெட்டியைக் கழற்றியதும் நின்றால் டிஷ் கேபிள் வழியே எர்த் வட்டம் போடுகிறது. டிவியிலிருந்து ஆப்டிக்கல் வழியே ஒலி எடுத்தால் அது அறுந்துவிடும். இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றும் ‘வைத்தியம்’ உயிருக்கு ஆபத்து.

இடம்

மேலே ஒரு சாண், பக்கங்களில் நான்கு விரல் இடைவெளி வேண்டும், துணி போர்த்தக் கூடாது. அஸ்ட்ரோ பெட்டியை அதன் தலையில் வைக்காதீர்கள். அடித் துவாரங்களுக்கு உள்ளிருந்து பிளாஸ்டிக் கொசு வலை ஒட்டினால் பல்லி ஏறாது, காற்றும் அதிகம் தடைபடாது. மத்தியானத்துக்கு மேல் இடி மழைக்கு வானம் இருட்டினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் ஆன்டென்னாவையும் பிடுங்கிவிடுங்கள். வாரம் ஒரு மணி நேரமாவது பாட வையுங்கள், சுவிட்சுகளையெல்லாம் இரண்டு முறை முன்னும் பின்னும் போட்டு எடுங்கள்.

முதல் மாதத்தில், டிரான்சிஸ்டரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கைத் தொட்டுப் பாருங்கள். மெதுவாகப் பாடும்போதே கை வைக்க முடியாத சூடு, அல்லது ஒரு பக்கம் மட்டும் சூடு என்றால் பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் பயாஸ் கரண்ட் ஏறியிருக்கக்கூடும். ரிப்பேர்காரரிடம் அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலை அச்சடித்துக் கையோடு கொண்டுபோங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். வேலை முடிந்தபின் அளந்த பயாஸையும் இரு பக்க டிசி அளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கி மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்து திறப்பவருக்கு அது வேண்டியிருக்கும்.