பாலாற்றின் முகத்துவாரம் தாண்டி: வேலூரிலிருந்து கடற்கரைச் சாலையில் நிதானப் பயணம்

வேலூரிலிருந்து புதுச்சேரிக்குச் செல்பவர்களில் பலர் திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியைப் பிடித்து நேரே போய்விடுவார்கள். கடலைப் பார்ப்பதே நோக்கம் என்றால், அந்த வழியைத் திரும்பி வருவதற்கு வைத்துக்கொண்டு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக முதலில் மாமல்லபுரத்தை அடைந்து, அங்கிருந்து தெற்கே செல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலான இடங்களில் சாலையிலிருந்து கடல் தெரியாது. சவுக்குத் தோப்புகளுக்கும் மீனவக் குப்பங்களுக்கும் இடையே கிழக்கே பிரியும் கிளைச் சாலைகளில் நுழைந்தாக வேண்டும். தெற்கு நோக்கி ஓட்டும்போது அவை இடப்புறமே வருவதால், எதிரே விரைந்து வரும் பேருந்துகளைக் குறுக்கிடாமல் திரும்பிவிடலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்ற காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கைகளும் இருக்கும் என்பதால் தவிர்ப்பது நல்லது. விடியுமுன் புறப்பட்டால் காஞ்சிபுரத்தில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொள்ளலாம்.

மாமல்லபுரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைக் கோயிலை வெயில் ஏறுமுன் பார்த்துவிட்டால் போதும். பலர் நிற்காமல் கடந்துபோகும் அடுத்த பகுதிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டையும், அதற்குள் நுணுக்கமாகச் செதுக்கிய கல்லறைக் கற்களும் உள்ளன. அணுமின் நிலையப் பகுதியில் மட்டும் கேமராவை உள்ளேயே வைத்திருங்கள். சற்றுத் தெற்கே வாயலூரில் சாலை பாலாற்றைக் கடக்கிறது. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் அதே ஆறு, இங்கே கடலில் சேருவதைப் பார்க்காமல் வேலூர்க்காரர் எவரும் போகக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்து கடப்பாக்கத்தில் இடப்புறம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை இது. மெல்லிய செங்கல்லும் சுண்ணாம்பும் உதிர்ந்து நிற்கும் மதிலுக்கு அப்பால் கழிமுகமும், அதைத் தாண்டி மணல்திட்டும், அதற்கும் பின்னால் கடலும் அடுக்கடுக்காகத் தெரியும். நிழல் குறைவு, தண்ணீரும் தொப்பியும் அவசியம். அலை இழுக்கும் கடல் என்பதால் குழந்தைகளைக் கண்காணிப்பில்லாமல் இறக்க வேண்டாம்.

மரக்காணத்தில் சாலையின் அருகிலேயே உப்பளங்கள் விரியும். வாய்க்கால் வரப்புகளில் நடப்பதற்கு அங்கே வேலை செய்வோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாத்தியில் கால் வைத்தால் அவர்களுடைய உழைப்பு கலங்கிவிடும். இருட்டுமுன் புதுச்சேரி சேர்ந்து தங்கிவிட்டு, செஞ்சி மலைக்கோட்டை ஏற விரும்பினால் மறுநாள் அதிகாலையில் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் அந்தப் படிகளில் வெயில் தாங்காது.