துப்பாக்கிக்கு எண்ணெய் போடறப்போ நம்ம ஊர்ல அடிக்கடி நடக்கற தப்புங்க

சென்னையில ரைஃபிள் வெச்சிருக்கறவங்களுக்கு முதல் பயமே துரு தான். கடல்காத்து, கை வேர்வை, ஐப்பசி கார்த்திகை மழை, கொஞ்ச நாள் பெட்டிய திறக்காம விட்டாலே பேரல் (குழல்) மேல பழுப்பா புள்ளி வந்துடும். அந்த பயத்துல எண்ணெய அள்ளி ஊத்துறாங்க பாருங்க, அங்க தான் பிரச்சனையே ஆரம்பிக்குது.

எண்ணெய் பாட்டில தொடறதுக்கு முன்னாடி ஒண்ணு. மேகசின (தோட்டா அடுக்கி வெக்கற பெட்டி) முதல்ல கழட்டுங்க, அப்புறமா தான் போல்ட்ட (பேரலோட பின்பக்கத்த மூடற உருளை) திறந்து சேம்பர (தோட்டா உக்கார்ற இடம்) கண்ணால பாக்கணும், விரல் விட்டும் பாக்கணும். இந்த வரிசை மாறக்கூடாது, மேகசின் உள்ள இருக்கும்போதே போல்ட்ட இழுத்து மூடினா அடுத்த தோட்டா உள்ள ஏறிடும். தோட்டா டப்பா அந்த ரூம்லயே இருக்க வேணாம்.

வீட்ல இருக்குற தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போடறது ரொம்ப பழைய பழக்கம். நல்லெண்ணெய் காத்து பட்டு நாளாக ஆக பிசுபிசுன்னு ஆகி தூசியெல்லாம் புடிச்சு வெச்சுக்கும், தேங்காய் எண்ணெய் 24 டிகிரி கிட்டயே உறைய ஆரம்பிச்சிடும், ஏசிய 20ல வெச்சா டிரிகர் உள்ள என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. சமையல் எண்ணெய் எதுவுமே வேணாம். டபிள்யூடி-40 கதை வேற, அது 1953ல அமெரிக்காவுல ஈரத்த வெளியேத்தறதுக்குன்னு உருவாக்கினது. மழையில நனைஞ்ச துப்பாக்கி மேல அடிச்சு தொடைக்க நல்லது தான், ஆனா அத மட்டும் அடிச்சிட்டு மாசக்கணக்கா உள்ள வெச்சா பாதுகாப்பு போதாது, அதுக்கு மேல துப்பாக்கிக்குன்னு விக்கிற எண்ணெய் ஒரு மெல்லிசு கோட்டிங் வேணும்.

ஏர் ரைஃபிள் வெச்சிருக்கற பசங்க இத கண்டிப்பா படிக்கணும், ஏன்னா நெஜமாவே அடிபடற தப்பு இது. ஸ்பிரிங் துப்பாக்கியில பிஸ்டன் காத்த ஒரு நொடி கூட இல்லாம அழுத்துது, சூடு எக்கச்சக்கமா ஏறுது, அந்த நேரத்துல காத்த அழுத்தற சேம்பர்ல சாதா மினரல் ஆயில் (பெட்ரோலியத்துலேர்ந்து வர்ற எண்ணெய்) இருந்தா அது தீப்பிடிச்சிடும். டீசல் இன்ஜின் ஓடற அதே தத்துவம் தான், அதனால தான் டீசலிங்னு பேரு. புகை வரும், சத்தம் டமால்னு வரும், பெல்லட் (ஏர் ரைஃபிள்ல போடற சின்ன குண்டு) வேகமா போகும், உடனே பவர் ஏறிடுச்சுன்னு சந்தோஷப்பட்டு இன்னும் ரெண்டு சொட்டு விடறாங்க. அப்படி பண்ணாதீங்க ப்ளீஸ். சீல் கருகும், ஸ்பிரிங் உடையும், பெல்லட் எந்த வேகத்துல போகுதுன்னு உங்க கையில இருக்காது. மேனுவல் சொன்னா மட்டும் சேம்பருக்குன்னே விக்கிற சிலிக்கான் ஆயில் ஒரு சொட்டு, அவ்ளோ தான். பிசிபி துப்பாக்கியில (முன்னாடியே காத்த அழுத்தி நிரப்பி வெக்கற வகை) சிலிண்டர்ல 200 பார் அழுத்தத்துக்கு மேலயும் காத்து நிக்கும், அங்க மினரல் ஆயில், கிரீஸ் போனா வெடிக்கற ஆபத்தே இருக்கு, ஓ-ரிங்குக்கு (காத்து கசியாம தடுக்கற ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ் மட்டும். ஆனா அதே சிலிக்கான இரும்போட இரும்பு உரசற இடத்துல போட்டா தேய்மானத்த தடுக்காது, இடத்துக்கு ஏத்த எண்ணெய்ங்கறத மறக்காதீங்க.

.22 மாதிரி லைசென்ஸ் துப்பாக்கியில பேரல் உள்ள எண்ணெய் தேங்கி நிக்கவே கூடாது. வெக்கறப்போ லேசா பூசலாம், சுடறதுக்கு முன்னாடி காஞ்ச பேட்ச் (சின்ன துணித் துண்டு) விட்டு தொடைச்சிடணும், இல்லன்னா முதல் குண்டு வேற பக்கம் போகும், எண்ணெய் நிறைய இருந்தா பேரல்ல அழுத்தமும் ஏறும். சேம்பர்ல மிச்சமிருக்கற எண்ணெய் தோட்டாவுக்குள்ள இறங்கி வெடிமருந்த கெடுத்தா அது சுடாமலே போயிடலாம். அமோனியா கலந்த சால்வென்ட் (கறைய கரைக்கற திரவம்) குண்டு பேரல்ல விட்டுட்டு போற செம்பு கறைய எடுக்க தான், பாட்டில்ல போட்டிருக்குற நேரத்துக்கு மேல விடக்கூடாது, ஏசி ரூம்ல கதவ சாத்திட்டு பண்றதும் வேணாம், ஜன்னல தொறந்து வெச்சு கிளவுஸ் போட்டு பண்ணுங்க. பெட்ரோல் போட்டு கழுவறத பத்தி பேசவே வேணாம், அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும்.

ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வெக்கறது நம்ம வழக்கம், வைங்க, ஆனா ஈர சந்தனம் நேரா இரும்பு மேல வேணாம். துப்பாக்கியோட மரக்கட்டையில, இல்ல பெட்டி மேல வெச்சா போதும். இரும்புல வெச்சிட்டீங்கன்னா அன்னைக்கு ராத்திரியே தொடைச்சு எண்ணெய் துணி ஒரு தடவ போட்டுடுங்க, அடுத்து மழை காலம் வேற வருது.

மரக்கட்டைக்கு லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) போடறவங்க, தொடைச்ச துணிய சுருட்டி குப்பையில போடாதீங்க, அது தானாவே சூடாகி தீப்பிடிக்கும். விரிச்சு வெளியில காய வைங்க, இல்ல தண்ணியில முக்கி மூடி போட்ட தகர டப்பாவுல போடுங்க. பேரல் தொடைச்ச பேட்ச்ல ஈயம் இருக்கும், அந்த கையோட வடை டீ எல்லாம் வேணாம், சோப்பு போட்டு நல்லா கழுவுங்க, குழந்தைங்க தொடற இடத்துல அந்த துணி கெடக்கக்கூடாது.

அப்புறம், எவ்ளோ நல்ல எண்ணெய் போட்டாலும் ஃபோம் வெச்ச பெட்டியில மாசக்கணக்குல பூட்டி வெச்சா ஃபோம் ஈரத்த இழுத்து இரும்போட ஒட்டி வெச்சிருக்கும். பூட்டு போட்ட இரும்பு அலமாரியில சிலிக்கா ஜெல் (ஈரத்த உறிஞ்சற மணிங்க) போட்டு நிக்க வைங்க, மழை மாசத்துல வாரம் ஒரு தடவ எடுத்து பாருங்க.